‘இல்லை’ என்பதும் ஒரு நம்பிக்கையா?

எங்கள் தெருவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டாள். “சார், சாமி இருக்குன்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்றீங்க. இல்லைன்னு சொல்றதுக்கு மட்டும் ஆதாரம் வெச்சிருக்கீங்களா? அதுவும் ஒரு நம்பிக்கைதானே? அப்போ நாத்திகமும் ஒரு மதம்தானே?” நான் வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் லாரி வந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் லாரி ஹாரன் அடித்துவிட்டால் அப்புறம் ஆத்திகமாவது நாத்திகமாவது? குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். சொல்லாமல் நின்ற பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன். நான் நாற்பது வருடமாக நாத்திகன், முப்பது வருடம் மாநகராட்சிப் பள்ளியில் வாத்தியார். இரண்டு கோளாறையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் சிக்கல் ‘நம்பிக்கை’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. பால்காரர் காலையில் வந்துவிடுவார் என்பது நமக்கு நம்பிக்கை. மச்சானுக்குக் கைமாற்றாகக் கொடுத்த ஐயாயிரம் திரும்பி வரும் என்பதும் நம்பிக்கை. பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின நாள் பிள்ளையிடம் “நம்பிக்கையோட இரு” என்கிறோம். திருவொற்றியூர் வடிவுடையம்மன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள் என்பதும் நம்பிக்கை. பால்காரர் விஷயத்தில் பதினைந்து வருடப் பழக்கம் பேசுகிறது. மச்சான் விஷயத்தில் பாசமும் ஆசையும் பாதிப் பாதி. ரிசல்ட் விஷயத்தில் வெறும் தைரியம். அம்மன் விஷயத்தில் பக்தி. நான்குக்கும் தமிழில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, “உன்னுடையதும் நம்பிக்கை, என்னுடையதும் நம்பிக்கை, சரிக்குச் சரி” என்று தராசைத் தூக்கினால் எடை எப்படிச் சரியாக இருக்கும்?

உண்மை என்று ஒருவர் நினைக்கும் எதையும் நம்பிக்கை என்று சொல்வதானால், கடவுள் இல்லை என்பதும் நம்பிக்கைதான். காசிமேட்டில் இன்றைக்கு வஞ்சிரம் வரவில்லை என்பதும் அதே கணக்கில் நம்பிக்கைதான். பக்தி என்ற பொருளில் கேட்டால், இல்லை. வரத்து இல்லாத வஞ்சிரத்தை நினைத்து யாரும் விரதம் இருப்பதில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் நழுவுகிறேன் என்று அந்தப் பெண் சொல்வாள். சொல்ல வேண்டும். நாத்திகர் என்று சொல்லிக்கொள்பவர்களே இரண்டு விதமாகப் பேசுகிறோம், அதுதான் குழப்பத்துக்குக் காரணம். நம் பக்கத்தில் எல்லாருக்கும் புரியும் உதாரணம் சீட்டு. புதிதாக ஒருவர் தெருவுக்குள் வந்து, பணம் கட்டினால் ஐந்தே வருடத்தில் மூன்று மடங்கு என்கிறார். எதிர்வீட்டம்மா, “எனக்கு நம்பிக்கை வரல, நான் கட்டல” என்கிறார். மாடிவீட்டுக்காரர், “இது பக்கா மோசடி” என்கிறார். முதலாமவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சீட்டுக்காரர் காட்டிய காகிதம் அவருக்குப் போதவில்லை, அவ்வளவுதான். மாடிவீட்டுக்காரர் சொன்னது அப்படியல்ல. அது ஒரு குற்றச்சாட்டு. ‘எப்படிச் சொல்கிறாய்’ என்று கேட்டால் அவர் பதில் வைத்திருக்க வேண்டும்.

நாத்திகத்திலும் இதே இரண்டு நிலை உண்டு. ‘கடவுள் இருப்பதாக எனக்குப் படவில்லை’ என்பது எதிர்வீட்டம்மா நிலை. அதை நம்பிக்கை என்று அழைப்பது, சீட்டுக் கட்டாதவரையும் ஒருவகைச் சீட்டுக்காரர் என்பது போல. ‘கடவுள் இல்லவே இல்லை’ என்பது மாடிவீட்டுக்காரர் நிலை. அது ஒரு கருத்து, ஒரு முடிவு. அதற்கு வாதம் வேண்டும். திருவாரூரை அடுத்த விளமலில் 1967-இல் பெரியார் அறிவித்து, பிறகு அவர் சிலைப் பீடங்களில் செதுக்கப்பட்ட ‘கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை’ என்ற அந்த வாசகம் இரண்டாவது வகை. மேடைக்கு அது சரி. யோசிக்க உட்காரும்போது நான் முதல் வகையிலிருந்துதான் தொடங்குவேன். மேடைகளில் சொல்லும் ஒரு கதையில் பெரியாரே அப்படித்தான் இருக்கிறார். ‘கடவுள் நேரில் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டதற்கு, ‘இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்’ என்றாராம். நடந்ததோ, பேச்சாளர்கள் சேர்த்ததோ, பக்தி இப்படிப் பேசாது.

சரி, மூன்றாவதாக ஒருவர் வருவார். “இருக்கான்னும் தெரியாது, இல்லைன்னும் தெரியாது” என்பார். அறியொணாவாதம் என்று தமிழில் ஒரு வாய் நோகும் பெயர் இதற்கு உண்டு. டார்வினுக்காக மேடைமேடையாக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி 1869-இல் ஆங்கிலத்தில் இதற்கென்று ‘அக்னாஸ்டிக்’ என்று ஒரு சொல்லையே உண்டாக்கினார். ஆனால் அது அறிவைப் பற்றிய பதில். தெரியுமா என்றால் தெரியாது. சரி, சீட்டுக் கட்டினீர்களா? கட்டவில்லை என்றால் நடைமுறையில் நீங்களும் எதிர்வீட்டம்மா பக்கம்தான். ஒருவரே தெரியாது என்பவராகவும் நம்பாதவராகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால் பெரும்பாலான நாத்திகர்கள் அப்படித்தான்.

ஆதாரம் காட்ட வேண்டியவர் யார் என்பதற்கும் சீட்டே பதில். பணம் கேட்பவர்தான். பெர்ட்ரண்ட் ரசல் 1952-இல் இதைத் தேநீர்க் கெண்டியை வைத்துச் சொன்னார். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு சீனத் தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றுகிறது, எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாத அளவு சிறியது என்று நான் சொன்னால், இல்லை என்று நிரூபிக்க உங்களால் முடியாது. அதற்காக அதை நம்ப வேண்டியதும் இல்லை. அதற்கு மேல் ஒன்று சேர்க்கிறேன். ‘கடவுள்’ என்று சொன்னால் எந்தக் கடவுள் என்று முதலில் கேளுங்கள். வேண்டிக்கொண்டால் மஞ்சள்காமாலை இறங்கும் என்றால் அதைச் சோதித்துப் பார்த்து ‘இல்லை’ என்று துணிந்து சொல்லலாம். எல்லாமுமாய், சொல்லுக்கு எட்டாததாய் இருக்கிறது என்றால், சொல்லுக்கு எட்டாததை மறுக்க என்னிடமும் சொல் கிடையாது.

இப்போது ‘நாத்திகம்’ என்ற பெயரைப் பார்ப்போம். அஸ்தி என்றால் உண்டு, நாஸ்தி என்றால் இல்லை. ‘எது இல்லை’ என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது. மனு நாஸ்திகன் என்று ஏசுவது வேதத்தைப் பழிப்பவனை. அந்தக் கணக்கில் பௌத்தரும் சமணரும் நாத்திகர்கள். உலகைப் படைத்த ஈசுவரன் என்று ஒருவர் தேவையே இல்லை என்ற சாங்கியம், மீமாம்சை ஆகிய தத்துவங்கள் வேதத்தை ஏற்றதால் ஆத்திக வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. ரோமாபுரியில் இன்னும் வேடிக்கை. அங்கே நாத்திகர் என்று திட்டு வாங்கியவர்கள் ஆதிக் கிறிஸ்தவர்கள். ஊர்த் தெய்வங்களுக்கும் பேரரசருக்கும் படையல் போட மறுத்தார்கள் அல்லவா. ராயபுரம் பீட்டர் கோயில் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

மணிமேகலையில் வஞ்சி மாநகரில் அவள் சமயவாதிகளை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கேட்கும் இடம் உண்டு. அதில் கடைசி வரிசையில் வருபவர் பூதவாதி. சில பொருள்களைச் சேர்த்தால் கள்ளில் வெறி பிறப்பது போல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது. மறுமை என்பது பொய். கண்ணால் காண்பதே சான்று, ஊகம் சான்றாகாது என்கிறார். மணிமேகலை ஒரே கேள்வி கேட்கிறாள். உன் தாய் தந்தையரை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? நான் பூதவாதி கட்சிக்காரன்தான், ஆனாலும் அந்த இடத்தில் அவளுக்குத்தான் கை தட்டுவேன். ‘கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புவேன்’ என்று நெஞ்சை நிமிர்த்தும் தம்பிகள் இன்றும் இருக்கிறார்கள். அணுவையும் காய்ச்சல் கிருமியையும் அவர்கள் எங்கே பார்த்தார்களாம்? ஊகத்தை விட்டுவிட்டால் விஞ்ஞானமே கிடையாது. நாத்திகம் நிற்க வேண்டியது கண் மேல் அல்ல, நல்ல ஊகத்தின் மேல்.

நம்மூரில் இதெல்லாம் பெரியாரோடு ஆரம்பித்தது என்று நினைப்பவர்கள் உண்டு. 1880-களிலேயே சென்னை இலௌகிக சங்கம் என்று ஒரு நாத்திகர் கூட்டம் தத்துவ விவேசினி என்ற தமிழ் இதழை நடத்தியது. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880-இல் தேர்தலில் ஜெயித்தும், கடவுள் பெயரால் உறுதி எடுக்கும் சிக்கலில் ஆறு வருடம் நாடாளுமன்றத்தில் முறையாக உட்கார முடியாமல் அலைந்த காலம் அது. 1888-இல் அங்கே சட்டம் மாறியது. இங்கே நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் ‘கடவுளின் பெயரால்’ என்பதும் ‘உறுதி கூறுகிறேன்’ என்பதும் ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருக்கின்றன. பதவியேற்பு நேரலையில் யார் ‘உளமார’ என்கிறார், யார் ‘கடவுள் அறிய’ என்கிறார் என்று டீக்கடையில் காது கொடுத்துக் கேட்போமே, அந்தக் கோடு பிராட்லாவின் தலைவலி வரை போகிறது.

பவளக்காரத் தெருவும் ராபின்சன் பூங்காவும் வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுக தொடங்கிய இடம். பெரியாரிடமிருந்து பிரிந்துவந்த அண்ணா கடவுள் விஷயத்தில் எடுத்த நிலை, திருமூலரின் ‘ஒன்றே குலம் ஒருவனே தேவன்’. பிள்ளையாரையும் உடைக்க மாட்டேன், பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்க மாட்டேன் என்பது அவர் கணக்கு. இது நாத்திகமா? அகராதிப்படி இல்லை. ஆனாலும் ஊர் அந்தக் கட்சியையே நாத்திகக் கட்சி என்று ஏசியது, புகழவும் செய்தது. இன்னொரு பக்கம், 1952-இல் வண்ணாரப்பேட்டையில் ஜெயித்து சட்டமன்றம் போன கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா, பகத் சிங் லாகூர் சிறையில் 1930-இல் எழுதிய நாத்திகக் கட்டுரையை முன்பே தமிழாக்கியவர். அந்தக் கட்டுரை தொடங்குவதே, ‘உன் நாத்திகத்துக்குக் காரணம் அகந்தை’ என்று நண்பர்கள் சொன்னதற்குப் பதிலாகத்தான். இருபத்து மூன்று வயதுப் பையன், தூக்கு நிச்சயம் என்று தெரிந்து எழுதியது. அகந்தை என்று என்னையும் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தூக்கு இல்லை, ஆடி மாசக் கோயில் கூழ்தான் இல்லை என்பார்கள். அதுவும் கடைசியில் ஒரு சொம்பு வந்துவிடும்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது இது மதமா என்பதற்கு, நான் புத்தகத்தை விட 2011-ஐத்தான் நம்புகிறேன். அந்த வருடம் பிப்ரவரி 9 முதல் 28 வரை எங்களுக்கு சென்சஸ் டூட்டி. வியாசர்பாடிப் பக்கம் வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். சுவரில் அம்பேத்கரும் பெரியாரும். சமையலறை அலமாரியில் அங்காளம்மன் படம், அதன் முன்னால் அணைந்த ஊதுவத்தி.

“மதம்?”

“இல்லை.”

“மதம் இல்லைன்னு எழுதட்டுமாங்க, நாத்திகம்னு எழுதட்டுமா?”

“இன்னா வித்தியாசம் வாத்தியாரே?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாத்திகனுக்கே வரவில்லை, பாருங்கள். அதற்குள் மகன் குறுக்கே வந்தார். “நைனா, மதம் இல்லைன்னு போட்டா எஸ்.சி. கட்டம் காலியாயிடும். நாளைக்குப் பசங்களுக்கு சர்டிபிகேட் வாங்க வேணாமா?” அவர் பயத்தில் பாதி சரி. பட்டியல் சாதி என்று பதிய இந்து, சீக்கியம், பௌத்தம் மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை ஏறக்குறைய இந்துவோடு நின்றது, சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்ந்தார்கள். மீதிப் பாதி தவறு. கணக்கெடுப்பில் சொல்வது ரகசியம், அந்தத் தாளைக் காட்டி யாரும் சான்றிதழ் கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. இதைச் சொன்னேன். மகன் முகம் தெளியவில்லை.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார். “எனக்கு இந்துன்னே போடுங்க. ஆடி மாசம் கூழ் ஊத்தறது நான்தான், அவரு இல்ல.” குடும்பத் தலைவர் மதமே எல்லாருக்கும் என்று நாங்களாக எழுதக் கூடாது, ஆளாளுக்குக் கேட்க வேண்டும் என்பது விதி. எழுதினேன். பெரியவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, “எனக்குப் பௌத்தம்னு போடுங்க. புத்தர் சாமி இருக்குன்னு சொல்லலையே” என்றார். படிவத்தில் பௌத்தத்துக்கு எண் 5. போட்டேன். மகன் மூச்சு விட்டார்.

ஒரே வீட்டில், பத்து நிமிடத்தில், புத்தகங்கள் சொல்லாததெல்லாம் வந்துவிட்டது. பெரியவருக்குக் கடவுள் கிடையாது, ஆனால் மதம் உண்டு. அந்தப் பௌத்தமும் தரையிலிருந்து முளைத்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் வைத்த ஊர் இது, 1956-இல் அம்பேத்கர் நாகபுரியில் மதம் மாறியதன் அலையும் இங்கே அடித்தது. மதம் வேறு, கடவுள் வேறு. மதம் என்றால் சடங்கு, நாள்கிழமை, கல்யாணம் கருமாதி, நம்ம ஆள் என்ற பாசம், நூல், குரு எல்லாம் சேர்ந்த ஒரு குடித்தனம். கடவுள் அதில் ஓர் அறை. சில வீட்டில் அந்த அறையே கிடையாது. நாத்திகம் என்பது அந்த அறை காலி என்று சொல்வது மட்டும்தான். நல்லவனாக இரு என்றோ, சாதி பார்க்காதே என்றோ அது சொல்லாது. பெரியார் சாதியை ஒழி என்றது சுயமரியாதையிலிருந்து வந்தது. நாத்திகத்திலிருந்து அது தானாக வராது. சாதி பார்க்கும் நாத்திகர்களை எனக்கே தெரியும், பெயர் வேண்டாம். எல்லா மனிதரும் சமம் என்று நான் நினைக்கிறேனே, அது நம்பிக்கைதான், கொள்கை. அதை ஒளிக்க வேண்டியதில்லை. அந்தப் பெண் அதைச் சொல்லி மடக்கியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

அவள் கேட்டதில் ஓர் உண்மை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் சிலர் நாத்திகத்தை மதம்போல நடத்துகிறார்கள். பிறந்தநாளுக்குச் சிலைக்கு மாலை, மாலையோடு வரிசை, வரிசையில் யார் முதலில் என்ற சண்டை. ஒரு கேள்வி கேட்டால் ‘ஐயா இந்தப் பக்கத்தில் இப்படிச் சொல்லியிருக்கிறார்’ என்று மேற்கோள். இதெல்லாம் குடித்தனச் சாமான்கள். இயக்கத்துக்குச் சாமான்கள் தேவைப்படலாம். நாத்திகம் என்ற அந்த ஒற்றைப் பதிலுக்குத் தேவையில்லை.

நாத்திகர்கள் எத்தனை பேர் என்றும் கேட்பாள். 2011 கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் நாடு முழுக்க ஏறக்குறைய 28.7 லட்சம் பேர், 121 கோடியில் கால் சதவீதம்கூட இல்லை. நாத்திகர் என்று பதிவானவர்கள் சுமார் 33 ஆயிரம். குறிப்பிடாதவர் எல்லாம் நாத்திகரும் இல்லை, எங்கள் மூன்றாம் மாடிப் பெரியவர் மாதிரி நாத்திகர் எல்லாம் அந்தக் கணக்கில் வரவும் இல்லை. மதம் கேட்ட கட்டத்தில் கடவுளைத் தேடினால் இப்படித்தான் ஆகும்.

சட்டம் அதைவிடக் குறும்பு. 1967-இல் அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது, சந்தோஷம். ஆனால் திருத்தியது இந்துத் திருமணச் சட்டத்தை. ஐயரும் வேண்டாம் அக்கினியும் வேண்டாம் என்று மாலை மாற்றிக்கொண்ட இரண்டு நாத்திகர்கள் சட்டத்தின் கண்ணுக்கு இந்து மணமக்கள். அது பிடிக்காவிட்டால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, முப்பது நாள் அறிவிப்பு ஒட்டிக் காத்திருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் சாதி மதம் குறிப்பிடாமல் விட 1973-லேயே தமிழ்நாட்டில் அரசாணை உண்டு. மதம் இல்லை என்று ஒருவர் சொன்னால் ஏதாவது ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும் என்று அரசு வற்புறுத்த முடியாது என்று 2014-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது, அரசமைப்பின் 25-ஆம் பிரிவில் ‘மனச்சான்று’ என்ற சொல் மதத்துக்கு முன்னால் நிற்பதைக் காட்டி.

லாரித் தண்ணீர் பிடித்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது கேட்டது இதுதான்: “அடுத்த சென்சஸ்ல நான் என்ன சொல்றது சார்? அப்பா சபரிமலைக்கு மாலை போடறவர்.” உனக்கு எது உண்மையோ அதைச் சொல்லம்மா, அப்பாவுக்கு அவருடையது தனிக் கட்டத்தில் இருக்கும். 2027-இல் வரப்போகும் வாத்தியாரிடம் மட்டும் வாதம் செய்யாதே. நீ சொல்வதை எழுதுவதுதான் அவர் வேலை. மூன்று மாடி ஏறி வந்திருப்பார், முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடு.